தோலோடு வருவதை மட்டும் சாப்பிட்டவர்

அவர் வெளியில் உட்கார்ந்து இறைச்சி சாப்பிட்டதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். 2007ஆம் ஆண்டு டயரியில், ஒரு புதன்கிழமைப் பக்கத்தில் அது இருக்கிறது. "மதியம் 12.50. ஜப்பான் கடை. பாய் சாப்பிட்டார். மாடு, ஆறு துண்டு." அதற்குக் கீழே அன்று நடந்த மற்றது இரண்டரைப் பக்கத்துக்குப் போகிறது. நான் ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் எழுதுகிறவன் இல்லை.

அப்போது துபாயில் பெரிய கட்டடங்களுக்கு ஏர்கண்டிஷன் பொருத்தும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வரைபடம், டெலிவரி நோட், பரிசோதனைச் சான்று எல்லாம் என் மேசைக்கு வந்து, எண் பெற்று, கோப்பில் போய் உட்கார வேண்டும். அவர் அல் கூஸில் எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் பாய்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவரிடம் ஒரே ஒரு குணம்தான் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். மற்றதெல்லாம் அதன் கிளைகள். கண்ணால் பார்க்காத எதையும் அவர் இருப்பதாக ஏற்றுக்கொள்ள மாட்டார்.

ஜூலை மாதம் பதினோரு மணிக்குக் கிடங்கு வாசலில் லாரி வந்து நிற்கும். நாற்பது பெட்டி தெர்மோஸ்டாட். பெட்டிகளைச் சுற்றித் தொழிற்சாலையின் பட்டை, பட்டைமேல் சீல். இன்னொரு கிடங்காக இருந்தால் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். பாய் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுப்பார். நாற்பதையும் திறப்பார். உள்ளே கைவிட்டு எண்ணுவார். திரும்ப டேப் ஒட்டுவார். லாரி ஓட்டி வந்த பட்டாணியர் வெயிலில் நின்று, "ஜல்தி கரோ, பாய்" என்று கத்திக்கொண்டிருப்பார். இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஆபீஸிலிருந்து நான் போன் செய்வேன்.

"பாய், கம்பெனி சீல் இருக்கில்ல? கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. மூணு மணிக்குள்ள எனக்கு நோட் வேணும்."

"சீலு வெளியில இருக்குது சார். சாமான் உள்ளல்ல இருக்குது?"

"இத்தனை வருஷமா பிரிக்கிறீங்களே, என்னைக்காவது தப்பு இருந்திருக்கா?"

"இருந்திருக்குது."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவ."

அந்த ஒரு தடவைக்காக மீதி எல்லாத் தடவையும் என் கோப்புகள் ஒரு நாள் பிந்தின. அவரைப் பற்றி மேனேஜரிடம் இரண்டு முறை எழுத்தில் புகார் செய்திருக்கிறேன். நகல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. புகாரை அவர் கண்ணால் பார்க்கவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். வளைகுடாவுக்கு வந்து பதினாறு வருடத்தில் அவர் எந்த ஹோட்டலிலும் சோறு சாப்பிட்டதில்லை. ரூமில் தானே சமைத்துக்கொள்வார். சைட்டுக்குப் போக நேர்ந்தால் வாழைப்பழம், ஆரஞ்சு, வேர்க்கடலை, ஓட்டோடு அவித்த முட்டை. தோலோடு வருவதை மட்டும் சாப்பிடுவார். ஒரு முறை சைட்டில் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு முட்டை இருந்தது. அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"உரிச்சுட்டாங்களே சார். உரிச்சா அது முட்டை இல்ல, சமையலு."

"கடை வாசல்ல ஹலால்னு பெரிசா போர்டு இருக்கு, பாய்."

"இருக்குது. நான் போர்டயா திங்கப் போறேன்?"

இதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு மனிதன் இப்படி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் உலகம் எப்படி நகரும் என்று நினைத்தேன். சான்றிதழ் எதற்கு இருக்கிறது? முத்திரை எதற்கு இருக்கிறது? நான் அவற்றை நம்பித்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

ஊரில் அவர் வீடு கட்டினார். மச்சான் மாதாமாதம் போட்டோ அனுப்புவார். சுவர் எழும்பிய போட்டோ வந்ததும் இவர் போனில், "அது நம்ம செவருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த மாதப் போட்டோவில் மச்சான் அன்றைய பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, இவருடைய வாப்பாவையும் பக்கத்தில் நிறுத்தி, சுவரில் கை வைத்தபடி நின்றார். மச்சானின் முகம் சரியில்லை. பாய் அந்தப் போட்டோவை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

ஏன் இப்படி ஆனார் என்று ஒரு முறை அவரே சொன்னார். வேறு எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தபோது, சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் முறை கிளம்பியபோது ஏஜென்ட் இவர் கையில் விசாவின் ஜெராக்ஸைக் கொடுத்துப் பம்பாய்க்கு அனுப்பினாராம். ஒரு ரூமில் மூன்று பேர். ஒருநாள் மழையில் வேலை இல்லாமல் மூன்று பேரும் தங்கள் ஜெராக்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் ஒரே நம்பர்.

"அதுல ஒருத்தன் இன்னும் பம்பாயிலதான் இருக்கான் சார். ஊருக்குப் போக வெக்கப்பட்டுக்கிட்டு அங்கனயே நின்னுட்டான்."

இன்னொரு நாள், மகள் பிறந்ததைப் பற்றிச் சொன்னார். போன் வந்ததாம். மிட்டாய் வாங்கிக் கேம்ப் முழுக்கக் கொடுத்தாராம். "எட்டு மாசம் கழிச்சு லீவுல போயித்தான் பாத்தேன். அது வரைக்கும் அது ஒரு தகவலு. அம்புட்டுதான்." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

ஜப்பானிலிருந்து எங்களுக்கு வந்த இயந்திரங்களில் ஒரு தொகுதியைப் பாய் வழக்கம்போலப் பிரித்துப் பார்த்தார். பெட்டிமேல் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே இயந்திரத்தில் அடித்திருந்த தகட்டில் வேறு மின்சார அளவு. சவுதிக்குப் போக வேண்டியது எங்களுக்கு வந்திருந்தது. பொருத்தியிருந்தால் கட்டடம் முழுவதும் கழற்ற வேண்டியிருக்கும். அந்தக் கம்பெனியின் வயதான இஞ்சினியர் ஒருவர் நேரில் வந்து, மாற்றிக் கொடுத்து, கிடங்கில் பாய் முன்னால் இடுப்புவரை குனிந்து வணங்கினார். பாய் பதறிப்போய் அவரைவிடக் கீழே குனிந்தார். கிளம்பும் முன் எங்கள் இருவரையும் மதிய உணவுக்கு அழைத்தார் இஞ்சினியர். காகிதங்களை நான் பார்த்துக்கொண்டதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

பாய் வர மாட்டார் என்றேன். காரணத்தையும் சொன்னேன். இஞ்சினியர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கடையில் சமையல்காரர் சமைப்பதில்லை. பச்சை இறைச்சியைக் கொண்டுவந்து வைப்பார். நாம்தான் சுட வேண்டும்."

இதைப் பாயிடம் சொன்னதும் அவர் கத்தியை மடித்துப் பையில் போட்டார். "அப்படின்னா வாரேன்," என்றார்.

எனக்குத்தான் போக மனம் இல்லை. என் பையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. என் மனைவிக்கு விசா புதுப்பிக்கும் மாதம் அது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பரிசோதனை. செவ்வாய் காலை எங்கள் பி.ஆர்.ஓ., அதாவது கம்பெனியின் அரசாங்கக் காகிதங்களுக்காக அலைகிறவர், போன் செய்தார். "சார், மேடத்துக்கு நெஞ்சுல நிழல்னு சொல்றாங்க. வியாழக்கிழமை மறுபடி படம் எடுக்கணும். அதுலயும் இருந்தா கலாஸ், முடிஞ்சுது, ஊருக்குத்தான்." நெஞ்சில் நிழல் என்றால் காசநோய் என்று அர்த்தம். திருப்பி அனுப்பினால் மறுபடி விசா கிடைக்காது. அன்று மாலையே அவளை ஒரு சின்னத் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போய் நாங்களாக ஒரு படம் எடுத்தோம். படத்தை அந்தப் பழுப்பு உறைக்குள் வைத்து ஒட்டி, அறிக்கையைத் தனியாகக் கொடுத்தார்கள். அதிலும் அதேதான்: இடது பக்கம் மேலே நிழல். இரண்டு இடம், இரண்டு இயந்திரம், ஒரே முடிவு. எனக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை.

அவளுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் செவ்வாய் இரவே ஒரு தாளில் பள்ளிப் பஸ் டிரைவரின் நம்பரையும் தண்ணீர் கேன் போடுகிறவரின் நம்பரையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அம்மாவோடு போவதா, நான்காம் வகுப்பு முடியும்வரை என்னோடு இருப்பதா என்று பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டோம்.

துபாயின் தேரா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது அந்தக் கடை. முப்பது வருடமாக அதே இடத்தில் இருப்பதாக இஞ்சினியர் சொன்னார். மரமெல்லாம் புகையில் கறுத்துப் பளபளத்தது. உணவுகளின் பெயரை எழுதிய மரச் சட்டங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. செருப்பைக் கழற்றிவிட்டு மேடைமேல் ஏறி, மேசைக்கு அடியில் இருந்த பள்ளத்தில் காலை விட்டு உட்கார வேண்டும். மேசை நடுவில் மண் அடுப்பு. அதில் கரி கனன்றது. மேலே ஒரு கம்பி வலை. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மரச்சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வெளியில் அடிக்கிற வெயில் உள்ளே பால் மாதிரி வந்தது.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். இறைச்சித் தட்டை மேசையில் வைக்காமல், முதலில் எங்கள் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். அது அவர்கள் வழக்கமாம். எல்லோரும் தலையை ஆட்டிவிடுவார்கள் போலிருக்கிறது. பாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கடைக்காரர் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இது எங்கருந்து வந்த கறின்னு கேளுங்க."

நான் தரையைப் பார்த்தேன். கேட்காமல் விடவும் முடியவில்லை. கேட்டேன். கடைக்காரர் தட்டை வைத்துவிட்டுப் பாயைக் கையால் கூப்பிட்டுச் சமையலறைக்குள் அழைத்துப் போனார். ஏழு நிமிடம். என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இஞ்சினியர் புன்னகையோடு கரியைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது இருவரும் பழைய நண்பர்கள் மாதிரி வந்தார்கள். பாய்க்கு ஜப்பான் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது.

"பெட்டியப் பிரிச்சுக் காமிச்சாரு. முத்திரை கறியிலயே குத்தியிருக்குது சார், அட்டையில இல்ல. தொட்டுக்குற குழம்பு பாட்டிலயும் காமிச்சாரு. அவுக ஊருல சாராயம் ஊத்துவாகளாம், உள்ள வேலை பாக்குற பையன் இந்தியில சொன்னான். இங்க ஆப்பிள் சாறு."

"அப்புறம் என்ன, தொட்டுச் சாப்பிடலாமே."

"நம்புறேன் சார். ஆனாலும் எனக்கு உப்பும் எலுமிச்சையும் போதும்."

பச்சைக் கறியைத் தொடுகிற இடுக்கி வேறு, சாப்பிடுகிற குச்சி வேறு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யக் கூடாது. இதைக் கேட்டதும் பாயின் முகம் மலர்ந்தது. இடுக்கியை அவரே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒவ்வொரு துண்டாக வலைமேல் வைப்பார், ஓரம் சுருங்குவதைக் குனிந்து பார்ப்பார், ஒரே தடவை திருப்புவார். கடைக்காரர் தூரத்தில் நின்று இதைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் மாடு சாப்பிட மாட்டேன். எனக்குக் கோழி சொல்லியிருந்தது. அதே வலையில் சுட்டால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே பாய் கையைத் தூக்கிவிட்டார். "பையா, நெட்டு மாத்தணும். சாருக்கு வேற நெட்டு." புது வலை வந்தது. அதையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் குச்சியைக் கீழே வைத்தார்.

"சார், ஒங்களுக்கு நாலு துண்டு சுட்டேன். நாலும் தட்டுலயே கெடக்குது."

"பசி இல்ல, பாய்."

"காலையிலருந்து அந்தப் பையத் தொட்டுத் தொட்டுப் பாக்குறிய. என்ன சார்?"

இஞ்சினியருக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இஞ்சினியர் எங்களைப் பார்க்காமல் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். மொழி புரியாவிட்டாலும் மற்றது புரிந்திருக்கும்.

பாய் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"படத்தப் பாத்தியளா?"

"அறிக்கையைப் படிச்சேன்."

"அது எழுதுனது. படத்தப் பாத்தியளா?"

"அது உறைக்குள்ள இருக்கு. டாக்டர்தான் பிரிக்கணும்னு மேல எழுதி ஒட்டியிருக்கு."

"பி.ஆர்.ஓ. பாத்தாரா, அந்த மொதப் படத்த?"

"கவுண்டர்ல சொன்னதைத்தான் அவர் சொன்னார்."

"கவுண்டர்ல இருக்கவன் பாத்தானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய், இது தெர்மோஸ்டாட் பெட்டி இல்ல. ரெண்டு இடத்துல எடுத்தாச்சு. ரெண்டுலயும் அதே இடத்துல இருக்கு. இதுக்குமேல என்ன வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு எடத்துலயும் போயி நின்னது ஒரே ஆளுதானே சார்," என்றார் அவர். "உள்ளதப் பாத்துட்டு அப்புறம் பயப்படுவோம். எடுங்க."

எடுத்தேன். கிழிக்க மனம் வரவில்லை. கடைக்காரர் ஒரு கத்தரியைக் கொண்டுவந்து, துடைத்து, கைப்பிடியை என் பக்கம் நீட்டினார். உறையின் ஓரத்தை நேராக வெட்டினேன். பாய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்து படத்தை வாங்கினார். காகித ஜன்னலின் மேல் அதை விரித்துப் பிடித்தார். வெயில் அதன் வழியாக வந்தது.

என் மனைவியின் விலா எலும்புகளை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்தேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். இறைச்சித் தட்டைப் பார்த்ததைவிட அதிக நேரம்.

"சார், நெஞ்சு இங்கனதானே முடியுது? இது தோள் எலும்பு."

"ஆமா."

"இந்த நெழலு அதுக்கு மேலயும் போகுதே. கழுத்துப் பக்கமா ஏறுதே. நெஞ்சுக்குள்ள இருக்க சீக்கு வெளியில எப்படிப் போவும்?"

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் சுண்டு விரலால், படத்தைத் தொடாமல், கீழிருந்து மேலாகக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. ஓரங்கள் வளைந்து வளைந்து போயின.

"பம்புக்குள்ள தண்ணி ஒழுகாம அடைக்கோமே ஒரு பின்னல் கயிறு, ரேக்குல சுருட்டி வச்சிருக்கேன்ல, அது மாதிரி இருக்குது. பாருங்க, ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ஏறிப் போகுது. நெழலுக்கு முறுக்கு இருக்குமா சார்?"

பிறகு படத்தைப் பிடித்திருந்த கையைத் தாழ்த்தினார். எதையும் யாரிடமும் கூச்சப்படாமல் கேட்கிறவர், என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்கிறக் கூடாது. தங்கச்சிக்கு... முடி ரொம்ப நீளமா?"

என் மனைவிக்கு முடி இடுப்புக்குக் கீழே வரும். கனமான ஒற்றைச் சடை. அவள் படமெடுக்கும் பலகைமேல் நெஞ்சை அழுத்திக்கொண்டு நிற்பது, முதுகுப் பக்கத்திலிருந்து கதிர் வருவது, இரண்டுக்கும் இடையில் அந்தச் சடை தொங்குவது, எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது.

படிக்கட்டுக்குப் போய் அவளுக்குப் போன் செய்தேன்.

"எக்ஸ்ரே எடுக்கும்போது சடையை எங்க விட்டிருந்தே?"

"எங்க விடுவாங்க? பின்னாடி, இடது பக்கமாத்தான் தொங்கிச்சு. ஏன்?"

"தூக்கிக் கட்டச் சொல்லலையா?"

"செயினைக் கழட்டச் சொன்னா அந்தப் பொண்ணு. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல. ரெண்டு இடத்துலயும் அப்படித்தான்." பிறகு, "ஏங்க, அப்ப அது என் முடியா?" என்றாள்.

இருக்கலாம் என்றேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை. நான் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே திரும்பியபோது என் நான்கு துண்டுகளும் தட்டில் இல்லை. ஆறிப்போனதை எடுத்துவிட்டுப் பாய் புதிதாக நான்கு துண்டு வலைமேல் வைத்திருந்தார். ஐந்தாவதாக ஒன்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இஞ்சினியர் என் கோப்பையில் சூடான தேநீரை ஊற்றிவிட்டுத் தன் கோப்பையை உயர்த்தினார். கடைக்காரர் மட்டும் ஜன்னலுக்குப் போய் அந்தக் காகிதத்தில் எங்கள் கை பட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்று மாலை வீட்டில் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து மனைவியிடம் காட்டினேன். அவள் சடையை முன்னால் எடுத்துப் போட்டுப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பாய் என்னைப் பார்த்திருக்காரா?"

"இல்ல."

"பதிமூணு வருஷமா தினமும் காலையில உங்க முன்னாடி நின்னுதான் பின்னிக்கிறேன்," என்றாள். அதை நான் டயரியில் எழுதிவைத்தேன்.

வியாழன் காலை ஆறரைக்குப் போன் அடித்தது. பாய். "சார், தங்கச்சி கொண்டைக்கு ஊசி கீசி குத்திரப் போவுது. இரும்பு. அதுவும் படத்துல விழும்." அவள் ஏற்கெனவே பதினொரு ஊசி குத்தியிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மகளின் பள்ளி ரிப்பனால் உச்சியில் கட்டிக்கொண்டு போனாள். அங்கே நானே படமெடுக்கும் பெண்ணிடம் போய், முதல் படத்தில் சடை விழுந்திருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என் வாழ்நாளில் ஒரு கவுண்டரில் நான் அப்படி நின்று பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் பி.ஆர்.ஓ. போன் செய்தார். "சார், மேடம் கிளியர். ஒண்ணும் இல்ல." நான் கிடங்குக்குப் போன் செய்து பாயிடம் சொன்னேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு, "பாஸ்போர்ட்டுல அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

"நாலு நாள் ஆகும். ஆனா கிளியர் ஆயிடுச்சு, பாய். அவரே சொல்லிட்டார்."

"சரி சார்," என்றார். அந்தச் 'சரி'யில் சம்மதம் இல்லை.

அவர் 2009இல் ஊருக்குப் போய்விட்டார். அவர் இருந்தவரை அதற்குப் பிறகு நான் அவரைப் பற்றி ஒரு புகாரும் எழுதவில்லை. ஆனால் டெலிவரி நோட் வழக்கம்போல ஒரு நாள் பிந்தித்தான் வந்தது. நான் அவசரப்படுத்தினால் வழக்கம்போல அதே பதில்தான் வந்தது. அந்த ஜப்பான் கடைக்கு மறுபடி போகலாமா என்று ஒரு முறை கேட்டேன். "இப்பவும் அதே கடைக்காரருதான் இருக்காரான்னு பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார். நாங்கள் போகவில்லை.

பாஸ்போர்ட், சொன்னபடி நான்கு நாளில், அந்த வியாழக்கிழமையே கைக்கு வந்திருந்தது. அதை வீட்டில் கொடுப்பதற்கு முன்னால், யாரும் சொல்லாமல், ஆபீஸிலிருந்து நேரே அல் கூஸுக்குக் காரை ஓட்டினேன். பாய் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும்வரை நின்றேன். அவர் கையைக் கழுவி, துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கினார். வாசல் வெளிச்சத்துக்குப் போய் விசாப் பக்கத்தைத் திறந்தார். என் மனைவியின் பெயரை ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக வாய்க்குள் படித்தார். முன்பக்கத்தில் இருந்த பெயரோடு ஒப்பிட்டார். முடியும் தேதியைப் படித்து, விரல் விட்டு வருடங்களை எண்ணினார். மூன்று. ஒட்டியிருந்த தாளின் நான்கு ஓரத்தையும் கட்டை விரலால் தடவினார். பிறகு பாஸ்போர்ட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"இருக்குது சார்," என்றார்.

நான்கு நாளாக எல்லோரும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. அவர் ஒரு காலிப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன்.